தைத்துத் தருபவருக்கு என்ன தரலாம்?

வீட்டில் தைக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால், அவருக்குப் பிறந்தநாள் பரிசாகப் பெரும்பாலும் துணிதான் வந்து சேரும். இரண்டரை மீட்டர் சுடிதார் துணி, இல்லையென்றால் ஒரு சேலையும் அதோடு பிளவுஸ் பிட்டும். “உனக்குத்தான் தைக்கத் தெரியுமே, இஷ்டப்படி தச்சுக்கோ” என்று ஒரு வார்த்தையும் கூடவே வரும். சில நாள் கழித்து அதே உறவினர் இன்னொரு பையோடு வருவார். “ரெண்டே ரெண்டு ஜாக்கெட்தான், வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?”

கொடுத்தவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தையல் அவருக்குப் பிடித்த வேலை, பிடித்த வேலையைச் செய்யச் சொல்வதில் என்ன தப்பு என்றுதான் நினைக்கிறார். ஆனால் கொடுத்த பரிசும் கேட்ட உதவியும் ஒரே கணக்கில் போய் விழுகின்றன. இரண்டுமே தைப்பவரின் வேலையைக் கூட்டுகின்றன.

ஒரு லைனிங் ஜாக்கெட்டில் எவ்வளவு வேலை என்று தைக்காதவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. காட்டன் லைனிங் துணியை முதல் நாளே தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டு, இஸ்திரி போட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி, மேல்துணி உப்பி நிற்கும். அளவு ஜாக்கெட்டை வைத்து மார்க் செய்து, மேல்துணியையும் லைனிங்கையும் தனித்தனியாக வெட்டி, இரண்டையும் ஒட்டிப் பிடிக்க வேண்டும். டார்ட் பிடிப்பது, பட்டி வைப்பது, கழுத்து திருப்புவது, கை ஏற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு. மிஷின் வேலை முடிந்தாலும் ஹெம்மிங், கொக்கி, வளையம் என்று கைவேலை காத்திருக்கும். கடையில் இதற்குச் சில நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வருபவர்கள், வீட்டில் தைத்துத் தரும் சித்திக்கோ நாத்தனாருக்கோ ஒரு நன்றியோடு முடித்துக்கொள்கிறார்கள்.

ஆகவே தையலை விரும்புபவருக்குப் பரிசு தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது ஒன்று: அது அவரிடமே தங்குமா, தைக்கப்பட்டு வேறொருவர் உடம்புக்குப் போய்ச் சேருமா? அவரிடமே தங்குவதைத்தான் வாங்கித் தர வேண்டும்.

அப்படிப்பட்ட பொருளைக் கண்டுபிடிக்க ஒரு பழைய உரையாடல் உதவும். 1924-ல் தில்லியில் சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் காந்தியைச் சந்தித்து, இயந்திரம் என்றாலே உங்களுக்கு ஆகாதா என்று கேட்டார். அந்த மாணவர் ஜி. ராமச்சந்திரன், பின்னாளில் டி.எஸ். சௌந்தரத்துடன் சேர்ந்து 1947-ல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். காந்தி தன் பதிலில் விதிவிலக்காக எடுத்துச் சொன்னது சிங்கர் தையல் இயந்திரத்தை. மனைவி கையால் தைத்துத் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்துப் பொறுக்காமல், அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்றார். வரலாறு வேறு மாதிரி. ஐசக் சிங்கர் 1850-ல் பாஸ்டன் பட்டறை ஒன்றில் வேறொருவர் வடிவமைத்த மிஷினைப் பார்த்தார். அதன் குறைகளைக் களைந்து 1851-ல் காப்புரிமை வாங்கினார். அவர் கண் வியாபாரத்தின் மேல் இருந்தது. ஆனாலும் காந்தி சொன்ன கதையில் பரிசு தேடுபவருக்கு வேண்டிய அளவுகோல் இருக்கிறது. தைப்பவரின் கைக்கு எங்கே சிரமம் என்று பக்கத்தில் இருந்து பார்ப்பது, அந்தச் சிரமத்தைக் குறைக்கும் பொருளைக் கொடுப்பது.

அப்படிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கத்தரிக்கோல்.

துணி வெட்டும் கத்தரிக்கோலும் பேப்பர் வெட்டும் கத்தரிக்கோலும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வேறு வேறு. தையல் கத்தரியின் கைப்பிடி மேல்நோக்கி வளைந்திருக்கும். அதனால் கீழ்ப்பக்கத்து அலகு மேஜையை ஒட்டியே நகரும், துணி தூக்காது, போட்ட சாக்கோடு பிசகாது. பெரிய வளையத்தில் மூன்று நான்கு விரல்கள் போகும், சின்ன வளையம் கட்டைவிரலுக்கு. எட்டு முதல் பத்து அங்குல நீளமுள்ள இப்படியொரு கத்தரி இல்லாமல், பால் பாக்கெட் வெட்டும் சமையலறைக் கத்தரியாலேயே ஆண்டுக்கணக்கில் பட்டுத்துணி வெட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். வெட்டி முடிக்கும்போது கட்டைவிரல் அடியில் சிவந்த தழும்பு நிற்கும். நல்ல கத்தரி வைத்திருப்பவர்களுக்கோ வேறு கவலை. வீட்டுப் பிள்ளைகள் அதை எடுத்து சார்ட் பேப்பர் வெட்டிவிடுவார்கள். காகிதம் வெட்டினால் அலகு மழுங்கும். அப்புறம் ஷிஃபான் துணியை வெட்டாது, மடக்கும்.

உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரம் கத்தரிக்கோலுக்கென்றே பேர்பெற்றது. வாகனங்களிலிருந்து கழித்த பழைய எஃகை உருக்கித் தட்டி அலகு செய்கிறார்கள், பழைய பாத்திர உலோகத்தைக் கைப்பிடியாக வார்க்கிறார்கள். 2013-ல் மீரட் கத்தரிக்கோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நடுவில் உள்ள திருகைக் கழற்றி, சாணை பிடித்து, மறுபடி பூட்டலாம் என்பதால் இவை பல ஆண்டுகள் உழைக்கும். தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பிடிக் கத்தரிகளோடு ஒப்பிட்டால் விலை கொஞ்சம் அதிகம்தான். அந்த அதிகத்தை ஏற்றுக்கொள்வதற்குத்தானே பரிசு என்று பெயர்? தனக்கென்று வாங்கும்போது யோசித்து யோசித்துத் தள்ளிப்போடும் பொருளை இன்னொருவர் வாங்கித் தருவதில் தனி மதிப்பு இருக்கிறது.

இடதுகைப் பழக்கம் உள்ளவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். வழக்கமான கத்தரியை இடதுகையில் பிடித்தால் மேல் அலகு வெட்டுகோட்டை மறைத்துவிடும். அழுத்தமும் தவறான பக்கம் விழும். அலகுகள் மாறி அமைந்த இடதுகைக் கத்தரி தனியாகக் கிடைக்கிறது. ஆனால் சாதாரணக் கடைகளில் கண்ணில் படாது. தைக்கத் தொடங்கிய நாளிலிருந்து வலதுகைக் கத்தரியோடு மல்லுக்கட்டியவருக்கு, அதைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுப்பதைவிட நல்ல பரிசு கிடையாது.

கத்தரிக்கோலைப் பரிசாகக் கொடுத்தால் உறவு முறியும் என்று சொல்பவர்கள் உண்டு. விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்கக் கூடாது என்பதும் நம் வீடுகளில் கேட்டுப் பழகியதுதான். மனசுக்கு உறுத்தினால் ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம், விற்றதாகிவிடும். அந்த நம்பிக்கைக்கு மரியாதை கொடுத்த மாதிரியும் ஆயிற்று, கையில் நல்ல கத்தரி வந்த மாதிரியும் ஆயிற்று.

ஊசிக்கு வருவோம். மிஷின் ஊசி முறிந்தால்தான் மாற்ற வேண்டும் என்று பலர் இருக்கிறார்கள். முறிவதற்கு வெகுநாள் முன்பே அதன் முனை தேய்ந்துவிடும். தையல் விட்டு விட்டு விழும், பட்டில் இழை இழுக்கும். எட்டு மணி நேரம் தைத்தால் ஊசியை மாற்றுங்கள் என்பது பொதுவான அறிவுரை. மெல்லிய ஷிஃபானுக்கும் பட்டுக்கும் 9 அல்லது 11-ஆம் நம்பர், சாதாரண காட்டன் ஜாக்கெட்டுக்கு 14, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி வேண்டும். கூர் ஊசி போட்டால் பின்னல் கண்ணி அறுந்து ஓட்டை விழும். மிஷின் ஊசியில் எண் கூடக் கூட ஊசி தடிக்கும். கை ஊசியில் எண் கூடக் கூட மெலியும். வாங்கப் போகிறவர் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்றும் பார்க்க வேண்டும். வீட்டு மிஷின் ஊசியின் தலைப்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், கார்மென்ட் மிஷின் ஊசி பொதுவாக முழு உருண்டை. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு உதவாது. வீட்டில் இருக்கும் ஊசி உறையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் தீர்ந்தது.

கை ஊசிக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு ஊர் இருக்கிறது. நீலகிரி மலை ரயில் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே நிற்கும் கேத்தியில், 1949-ல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் ‘போனி’ என்ற பெயரில் கை ஊசிகளும் பின்னல் ஊசிகளும் செய்கிறது. நூலுக்கும் அப்படி ஒரு கதை உண்டு. ஹார்வி சகோதரர்கள் 1885-ல் பாபநாசம் அருவிக்குப் பக்கத்தில், விக்கிரமசிங்கபுரத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி நூற்பாலை தொடங்கினார்கள். அவர்களுடைய மதுரை ஆலை, தையல் நூல் செய்யும் கோட்ஸ் நிறுவனத்தோடு 1974-ல் இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. நல்ல நூல்கண்டுகள் இருபது முப்பது வண்ணத்தில் ஒரு பெட்டியாகக் கிடைத்தால், தைப்பவர் மேட்சிங் சென்டருக்கு நடக்கும் நடை பாதியாகக் குறையும். ஒரு எச்சரிக்கை: மலிவான ‘தையல் கிட்’ பெட்டிகளில் வரும் நூல் பெரும்பாலும் மிஷினில் ஓடாது, அறுந்துகொண்டே இருக்கும். அறுபது சின்னச் சாமான்கள் அடுக்கிய அந்தப் பெட்டி பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக வாங்கிவிடக் கூடாது.

அதே பணத்தில் ஒரு டஜன் பாபின் வாங்கலாம். மெரூன் ஜாக்கெட் முடிந்து பச்சைக்கு மாறும்போது, பாபின் இரண்டே இரண்டு இருக்கும் வீட்டில், சுற்றிய மெரூன் நூலை உருவி எறிந்துவிட்டுப் பச்சையைச் சுற்ற வேண்டியிருக்கும். நூலும் வீண், நேரமும் வீண். வண்ணத்துக்கு ஒரு பாபின் என்று வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை போயே போய்விடும். மிஷினுக்குப் பொருந்தும் பாபினா என்று மட்டும் பார்க்க வேண்டும். கறுப்பு மிஷினின் இரும்புப் பாபினும் புது ஆட்டோமேட்டிக் மிஷினின் பிளாஸ்டிக் பாபினும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக் கூடியவை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பாட்டில் மிஷின் ஆயிலையும் சேர்த்து வைக்கலாம். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்ட மிஷின்கள் நம் வீடுகளில் ஏராளம். அந்த எண்ணெய் உள்ளே பிசினாக இறுகி, மிதிக்க முடியாத அளவுக்குச் சக்கரத்தைக் கனக்க வைத்துவிடும்.

மிஷினையே வாங்கிக் கொடுத்தால் என்ன? சீர்வரிசையில் பீரோ, கட்டிலோடு தையல் மிஷினும் வைத்து அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் பெண் தன் காலில் நிற்கட்டும் என்ற பெற்றோரின் கவலை அதில் இருந்தது. தமிழ்நாடு அரசும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் கணவரை இழந்தவர்களுக்கும், கைவிடப்பட்டவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், ஏழைப் பெண்களுக்கும் இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கிறது. அந்தத் திட்டம் தையல் தெரியும் என்பதற்குச் சான்று கேட்கிறது. கைத்திறன் முதலில், கருவி பிறகு என்ற அந்த வரிசை குடும்பங்களுக்கும் பொருந்தும்.

ஏற்கெனவே தைக்கிறவருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் புது மிஷின் வாங்கி வைப்பது சரியான யோசனை இல்லை. நேர்த் தையல் மட்டும் போடும் கறுப்பு மிஷினில் கை படிந்தவருக்கு அதன் சத்தம், அது இழுக்கும் வேகம், கால் மிதிக்கும் கணக்கு எல்லாம் உடம்போடு ஊறியவை. பளபளப்பான ஜிக்ஜாக் மிஷின் அவருக்குத் தேவையாகவும் இருக்கலாம், ஆறே மாதத்தில் துணி போர்த்தி மூலைக்குப் போகவும் செய்யலாம். அந்த ஊரில் அதைப் பழுதுபார்க்க ஆள் உண்டா என்பது பிராண்டைவிட முக்கியம். வாங்கத்தான் வேண்டும் என்றால் அவரையே கூட்டிக்கொண்டு போய், அவர் கொண்டுவந்த துணியையே கடையில் வைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லி, அவர் கை காட்டுவதை வாங்க வேண்டும். எதிர்பாராத பரிசு தரும் ஆசையை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிடலாம்.

பழைய மிஷின் இருக்கும் வீட்டுக்கு அதைவிடச் சிறந்த பரிசு ஒரு முழு சர்வீஸ். மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்து, ஷட்டிலைக் கழற்றிச் சுத்தம் செய்து, பெல்ட்டை மாற்றி, பற்சட்டத்தின் அடியில் அடைத்திருக்கும் பஞ்சையெல்லாம் எடுக்கச் சொன்னால் போதும். மிதித்து மிதித்து முட்டி வலிப்பவர் என்றால், அந்தப் பழைய மிஷினிலேயே ஒரு மோட்டார் பொருத்திவிடலாம். பழகிய மிஷினும் அப்படியே இருக்கும், காலுக்கும் ஓய்வு.

வெளிச்சத்தையும் நாற்காலியையும் பரிசாக நினைப்பவர்கள் குறைவு. மிஷின் பெரும்பாலும் வீட்டின் எந்த இடம் யாருக்கும் வேண்டாமோ அங்கேதான் நிற்கிறது. ஹாலின் ஓரம், மாடிப்படிக்குக் கீழ், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே. நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்கத் தொடங்கும். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் ஹெம்மிங் செய்கிறவருக்கு மேலே எரியும் ஒற்றை டியூப் லைட் போதாது. வளைக்கக்கூடிய கழுத்தோடு, மிஷின் உடம்பிலேயே காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சின்ன எல்இடி விளக்குகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஊசியில் நூல் கோத்துத் தரும் கம்பிக் கருவி அதைவிட மலிவு. முதுகுத் தாங்கல் இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூலில் தலையணை போட்டு உட்கார்ந்து தைப்பவருக்கு, உயரம் சரியான ஒரு நாற்காலி எந்த நகைக்கும் குறைந்ததில்லை. ஆரி வேலை செய்கிறவர் என்றால், தரையில் குனிந்து உட்காராமல் நாற்காலியில் அமர்ந்து செய்ய உதவும் உயரமான ஆரி ஸ்டாண்ட். கல்யாண ஜாக்கெட்டுக்குக் கொக்கி ஊசியால் மணிக்கணக்கில் ஜரிகையும் மணியும் கோக்கிற பெண்களின் கழுத்துவலியைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

துணியே கொடுக்க வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. துணியோடு நம் விருப்பத்தைத் திணிக்காமல், தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கொடுக்கலாம். மதுரைச் சுங்குடி 2005-லும் காரைக்குடி கண்டாங்கி 2019-லும் புவிசார் குறியீடு பெற்றவை. தைக்கிறவர் கையில் இவை சேலையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, குர்தாவாகும், பாவாடையாகும், குழந்தைச் சட்டையாகும். 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸுக்கு அழைத்துப் போகலாம். திருப்பூர் காதர்பேட்டை, ஈரோட்டு ஜவுளிச் சந்தை, சென்னை சௌகார்பேட்டையின் கோடவுன் தெரு போன்ற இடங்களுக்குத் தையல் பிடித்தவரைக் கூட்டிப்போய், “பார்த்து எடு, நான் பை தூக்குறேன்” என்று சொல்லிப் பாருங்கள். கையால் தொட்டு, கசக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு மீட்டர், முக்கால் மீட்டர் என்று அவர் எடுக்கும் துண்டுகளை வேறு யாராலும் அவருக்காகத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு நிபந்தனை: அந்தத் துணியில் கூட்டிப்போனவருக்கு எதுவும் தைக்கச் சொல்லக் கூடாது.

கற்றுக்கொள்ளும் ஆசை உள்ளவருக்குப் பயிற்சிக் கட்டணம் நல்ல பரிசு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் தையலுக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலைகள் உண்டு. பல ஆண்டுகளாக வீட்டில் தைத்து வந்தவர்கள் ஒரு சான்றிதழ் இல்லாததால் தையல் தெரிந்தவர் என்ற கணக்கிலேயே வராமல் போகிறார்கள். அந்தத் தேர்வுக்குக் கட்டணம் கட்டி, வகுப்புக்குப் போகும் நாட்களில் வீட்டு வேலையை மற்றவர்கள் பிரித்துக்கொள்வதாகச் சொன்னால், அது பொழுதுபோக்கைத் தாண்டிய உதவி.

தைக்கிறவர் என்றால் பெண் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கமும் மாற வேண்டும். மதுரை மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு நடுவே வரிசையாக மிஷின் போட்டு உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாகத் தைத்தவர்கள் ஆண்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடம் போடுவோருக்கான உடைகளை அங்கே தைத்தவர்களில் இஸ்லாமியத் தையல்காரர்கள் பலர். மண்டபத்திலிருந்த கடைகள் சில ஆண்டுகளுக்கு முன் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. பையன் ஒருவன் அக்காவின் மிஷினில் உட்கார்ந்து தலையணை உறை தைத்துப் பார்த்தால், அவனுக்கும் ஒரு நல்ல கத்தரியும் இன்ச் டேப்பும் வாங்கித் தரலாம்.

தீபாவளிக்குப் பரிசு கொடுக்க நினைப்பவர்கள் மிஷின் சர்வீஸை மட்டும் ஆவணியிலேயே சொல்லிவைத்துவிட வேண்டும். புரட்டாசி பிறந்துவிட்டால் மெக்கானிக்குகள் தையல் கடைகளுக்கே நேரம் போதாமல் ஓடிக்கொண்டிருப்பார்கள், வீட்டு மிஷினுக்கு ஆள் பிடிப்பது கடினம். அந்த மாதத்தில்தான் “ஒரே ஒரு ஜாக்கெட்” என்ற பைகளும் வீட்டுக்கு வரத் தொடங்கும். வருகிற பையோடு தையற்கூலியையும் வைத்துக் கொடுங்கள். சொந்தக்காரர்கள் என்றால் கடைக்காரருக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள்.